பழைய புரொஃபஷனல் கிளாரினெட் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் கிளாரினெட் ஊதுகிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். சர்ச், கல்யாணம், பூப்பல்லக்கு என்று ஓடும் பேண்டு செட்காரர்களும் வருகிறார்கள். மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்பவர்களும் வருகிறார்கள். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட உயர்ரக மாடல்களைப் பழையதாக வாங்கலாமா, கையில் வந்த கருவி அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புதுசு கிடைக்கும்போது, நின்றுபோன மாடல் எதற்கு?

புது புரொஃபஷனல் கிளாரினெட் விலை லட்சங்களில் போகிறது. மேடை வருமானத்தை நம்பி இருப்பவர்களுக்கு அது எட்டாது. அந்த விலையில் ஒரு பங்குக்கு, ஐம்பது அறுபது வருஷம் பதப்பட்ட கருங்காலி போன்ற ஆப்பிரிக்க கிரெனடில்லா மரத்தில், கையால் பொருத்திய கீகளோடு (துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகள்) ஒரு கருவி கிடைக்கும் என்றால் அதை விடக்கூடாது என்பது என் கட்சி. வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் இன்று நடப்பில் உள்ள மாடலைத்தான் தேடுவார்கள். அதனால் நின்றுபோனவற்றுக்கு அங்கே கிராக்கி குறைவு, நமக்கு லாபம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1950, 60களில் வந்த பல மாடல்களுக்கு உள்துளை, அதாவது போர், இப்போதைய கருவிகளைவிட அகலம். அகலமான போரில் ஸ்வரத்தை உதட்டாலும் விரலாலும் வளைப்பது சுலபம். ஜாஸ்காரர்கள் அதற்காகவே அவற்றை விரும்பினார்கள். கமகம் ஊத வேண்டிய நமக்கு அது வரப்பிரசாதம். தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தால் முதல் நிமிஷத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: உதிரிபாகம் வராது. பேட் (கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தை), கார்க், ஸ்பிரிங் எல்லாம் போட்டுவிடலாம். ஒரு கீ காணாமல் போயிருந்தால் இன்னொரு கருவியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கீ குறைந்த கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எந்தப் பெயர்களைத் தேட வேண்டும்?

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது லண்டன் பூசி அண்ட் ஹாக்ஸ். பூசி, ஹாக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் 1930இல் ஒன்றானவை. பட்டாள பேண்டுகள் வழியாக அவர்கள் கருவிகள் கண்டோன்மென்ட் ஊர்களெல்லாம் பரவின. அவர்களுடைய உச்சம் 1010. அடுத்து இம்பீரியல் 926. எம்பரர் நடுத்தரம். ரீஜென்ட், எட்ஜ்வேர் இரண்டும் படிக்கிற பிள்ளைகளுக்கானவை. பெட்டியின் மேல் உள்ள கம்பெனி பெயரை மட்டும் பார்த்துவிட்டு ரீஜென்ட்டுக்கு 1010 விலை கேட்பவர்கள் உண்டு. கருவியின் மேலேயே மாடல் பெயர் பொறித்திருக்கும், அதைப் படியுங்கள்.

பிரான்சின் லெப்லாங்க் முழுவதுமே நின்றுபோன வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். 2004இல் கம்பெனி அமெரிக்கர் கைக்குப் போனது, பிறகு பிரெஞ்சுத் தயாரிப்பும் நின்றது. எல்எல், எல்7, கன்சர்ட்டோ, ஓபஸ் என்றால் தைரியமாகப் பார்க்கலாம். எல்எல் என்பது லியோன் லெப்லாங்க் என்ற பெயரின் முதல் எழுத்துகள். அதே வீட்டில் பிறந்த நோப்லே நடுத்தரம், நார்மண்டி அதற்கும் கீழே, விட்டோ பிளாஸ்டிக். நல்ல நோப்லே ஒன்று கிடைத்தால் பேண்டு செட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

பாரிஸ் செல்மரில் சென்டர்டு டோன், அதன் பின் 1960 வாக்கில் வந்த சீரிஸ் 9, அதற்கும் பின்வந்த சீரிஸ் 10 ஆகியவற்றைத் தேடுங்கள். 9க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது போர் குறுகலான வேறு மாடல். கடைக்காரர் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

"செல்மர்னு போட்டிருக்கு மாஸ்டர், பாரிஸ்தானே?"

பெரும்பாலும் இல்லை. பாரிஸ் செல்மர் 1885இல் தொடங்கியது. அமெரிக்காவில் அதே பெயரில் இயங்கிய கம்பெனி பிற்பாடு தனியாகப் பிரிந்துவிட்டது. பண்டி, சிக்னெட் என்பவை அந்த அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. பண்டி பிளாஸ்டிக், பிள்ளைகள் கற்றுக்கொள்ள உறுதியான கருவி, ஆனால் புரொஃபஷனல் இல்லை. பாரிஸ் கருவி என்றால் முத்திரையில் 'ஹென்றி செல்மர் பாரிஸ்' என்ற பெயர் முழுதாக இருக்கும்.

பஃபே கிராம்பான் கையில் இருக்கிறது. ஆர்13 என்று எங்கும் எழுதவில்லையே?

பழைய ஆர்13இல் அந்தப் பெயர் இருக்காது. இதனாலேயே பல நல்ல கருவிகள் விலைபோகாமல் கிடக்கின்றன. ரோபெர் கார்ரே வடிவமைத்து 1955இல் வந்த மாடல் அது. கருவியின் மேல் பஃபே கிராம்பான் முத்திரையும் வரிசை எண்ணும் மட்டுமே இருக்கும். வரிசை எண்ணைக் கம்பெனிப் பட்டியலோடு ஒப்பிட்டு வருஷம் கண்டுபிடிக்கலாம். இ11, இ13, எவெட் என்று எழுதியிருந்தால் அவை மாணவர், நடுத்தர வரிசைகள். 'எவெட் அண்ட் ஷேஃபர்' பஃபேயின் சொந்தத் தொழிற்சாலையில் செய்த நல்ல நடுத்தரம். 'எவெட்', அதன் கீழே 'ஸ்பான்சர்டு பை பஃபே' என்றால் வேறு யாரோ செய்து பஃபே பெயரில் விற்றது. சொற்கள் ஒன்றுபோல இருக்கும், விலை ஒன்றாக இருக்கக்கூடாது.

1010 கிடைத்தது, ஆனால் சுருதியே சேரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன். எனக்கே நடந்தது. முதல் 1010ஐ ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கினேன். மவுத்பீஸ் தனியாக எங்கோ விற்றுவிட்டதாகச் சொன்னார், கருவிதானே முக்கியம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். என்னிடமிருந்த நல்ல பிரெஞ்சு மவுத்பீஸைச் செருகி ஊதினால், கீழே சரியாக நின்ற ஸ்வரம் மேலே போனதும் தனி ஊருக்குப் போகிறது. பேட் மாற்றினேன், கார்க் மாற்றினேன், மவுத்பீஸுக்குக் கீழே வரும் குட்டைக் குழாயான பேரலையும் மாற்றினேன். மூன்று மாதம் கழித்து ஓய்வுபெற்ற பட்டாள பேண்டுக்காரர் ஒருவர் தன் மவுத்பீஸைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து மாட்டிக் கொடுத்தார். அரை நிமிஷத்தில் கருவி சரியாகிவிட்டது.

காரணம் இது. 1010இன் போர் 15.2 மில்லிமீட்டர், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் போகும். அதன் மவுத்பீஸும் உள்ளே அதே அகலத்தில் நேராக இருக்க வேண்டும். பிரெஞ்சு மவுத்பீஸ் உள்ளே குறுகிப் போகும். இரண்டையும் சேர்த்தால் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் உள்ள உறவு கெட்டுப்போகிறது. எவ்வளவு திறமையாக ஊதினாலும் அதை உதட்டால் சரிக்கட்ட முடியாது.

இதற்குத் தம்பூராவை வைத்தே பரீட்சை செய்யலாம். கிளாரினெட்டில் ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஸ்வரம் எட்டாவது ஸ்வரத்துக்குப் போகாது, பன்னிரண்டாவதுக்குப் போகும். அதாவது கீழே ச ஊதி, விரலை மாற்றாமல் அந்தக் கீயை மட்டும் தொட்டால் மேல் ஸ்தாயி ப வர வேண்டும். எலக்ட்ரானிக் தம்பூராவில் ச-ப வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ச கரைந்து போய், ப மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் மவுத்பீஸும் போரும் சேரவில்லை, அல்லது போரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்றிய பிறகுதான் இந்தப் பரீட்சை செல்லும்.

ஆகவே நின்றுபோன மாடலை வாங்கும்போது அதன் மவுத்பீஸையும் பேரலையும் கருவியின் பாதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளுத்து, பச்சை பூத்து, பல் தடம் பதிந்து அசிங்கமாக இருந்தாலும் விட்டுவிட்டு வராதீர்கள். "அதுக்குப் பதிலா புது மவுத்பீஸ் தரேன்" என்று சொன்னால் பழையதையும் கேளுங்கள்.

போரை வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து எங்கே அளப்பது?

கிளாரினெட்டின் உடல் மேல், கீழ் என்று இரண்டு துண்டு, அதாவது ஜாயிண்ட். மேல் ஜாயிண்ட்டின் அடிப்பக்க வாயில் அளக்க வேண்டும். எஸ்.பி. ரோடில் டிஜிட்டல் வெர்னியர் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 15.2 என்றால் 1010, 15.0 அருகில் என்றால் இம்பீரியல் 926, 14.6, 14.7 என்றால் ஆர்13 போன்ற பிரெஞ்சு வழி. முத்திரை தேய்ந்து போன கருவியில் இந்த அளவுதான் சாட்சி. துளை ஓரத்தில் வெர்னியரின் கூர்முனை கீறிவிடக்கூடாது, பதமாக வையுங்கள்.

தாத்தா காலத்துக் கருவி, ட்யூனரில் எல்லா ஸ்வரமும் ஏறி நிற்கிறது. என்ன கோளாறு?

கோளாறே இல்லாமல் இருக்கலாம். 1920களின் இறுதிவரை பிரிட்டிஷ் பட்டாள பேண்டுகள் ஹை பிட்ச்சில் வாசித்தன. இன்றைய பொது அளவு ஏ என்ற ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். அவர்களுக்கு அது 452 சொச்சம். ஏறத்தாழ கால் கட்டை உயரம். கண்டோன்மென்ட் ஊரான பெங்களூருவில் அப்படிப்பட்ட கருவிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. முத்திரைக்கு அருகே 'ஹெச்.பி.' என்று இரண்டெழுத்து இருந்தால் ஹை பிட்ச், 'எல்.பி.' இருந்தால் லோ பிட்ச், இன்றைய சுருதி. எழுத்து இல்லையென்றால் நடப்புக் கருவி ஒன்றின் பக்கத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். ஹை பிட்ச் கருவி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும், துளைகளும் சற்று நெருங்கியிருக்கும்.

"பேரலை வெளியே இழுத்தா இறங்கிடுமே" என்பார்கள். இறங்கும், ஆனால் ஒழுங்காக இறங்காது. மேலே உள்ள துளைகளின் ஸ்வரம் அதிகம் இறங்கும், பெல், அதாவது விரிந்த அடிமுனை, பக்கம் உள்ளவை கொஞ்சம்தான் இறங்கும். ராகமே கோணலாகிவிடும். கீபோர்டு, டிரம்பெட்டோடு சேர்ந்து வாசிக்கும் பேண்டு செட்டுக்கு இந்தக் கருவி உதவவே உதவாது.

ஆனால் தனிக் கச்சேரிக்கு? இங்கேதான் நான் மற்ற ரிப்பேர்காரர்களோடு மாறுபடுகிறேன். கர்நாடக சங்கீதத்தில் சுருதி நம் சௌகரியம். நம் பெங்களூரு ரேடல் செய்வது போன்ற எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைக் கால் கட்டை ஏற்றி வைத்துவிட்டால் ஹை பிட்ச் கருவி தனக்குள் சுத்தமாகவே பேசும். வயலின் தந்தியை முறுக்கிக்கொள்ளும், மிருதங்கத்தையும் தட்டி ஏற்றிவிடலாம். நல்ல மரமும் நல்ல கீயும் இருந்து, தனியாகவோ பரதநாட்டியத்துக்கோ வாசிப்பவர் என்றால், தெரிந்தே மலிவாக வாங்கலாம். தெரியாமல் வாங்கினால்தான் கஷ்டம்.

ஆல்பர்ட் சிஸ்டமா, போம் சிஸ்டமா?

இரண்டும் கீகளை அமைக்கும் முறைகள். நீங்கள் எதில் கற்றீர்களோ அது. போம் சிஸ்டத்தில் பொதுவாக 17 கீ, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம். ஆல்பர்ட்டில் 13 கீ, வளையம் குறைவு. விரல் துளையின் மேலேயே தவழும் என்பதால் நாகஸ்வரத்திலிருந்து வந்தவர்களுக்கு அது கைக்கு இதமாக இருக்கும். மேலே சொன்ன நின்றுபோன மாடல்கள் எல்லாம் பெரும்பாலும் போம். கீயை எண்ணிப் பாருங்கள். 17க்கு மேல் 20 கீ, 7 வளையம் என்று இருந்தால் ஃபுல் போம். அபூர்வமானது, கனமானது, ரிப்பேருக்கு வேலை அதிகம்.

பி ஃபிளாட்டா, ஏ கிளாரினெட்டா? இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

முத்திரைக்குக் கீழே தனியாக ஓர் எழுத்து இருக்கும். ஏ கிளாரினெட் சில சென்டிமீட்டர் நீளம். ஆர்க்கெஸ்ட்ராவில் ஜோடியாக இருந்து பிரிந்து வந்த ஏ கிளாரினெட்டுகள் தனியே மலிவாகக் கிடைக்கும். பேண்டு செட்டுக்கு வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பி ஃபிளாட்டில் எஃப் விரலை ச என்று வைத்தால் இரண்டரை கட்டை. அதே விரலில் ஏ கிளாரினெட் இரண்டு கட்டை தரும். பாரி நாயனம் என்ற தாழ்ந்த சுருதி நாகஸ்வரத்தின் கனத்தை விரும்புகிறவர்களுக்கு அந்த அரைக் கட்டை இறக்கம் பொன் போன்றது.

இரண்டு ஜாயிண்ட்டும் ஒரே கருவியுடையதுதானா என்று எப்படித் தெரியும்?

வரிசை எண் மேல், கீழ் இரண்டிலும் இருந்தால் ஒப்பிடுங்கள். சில கம்பெனிகள் கீழ் ஜாயிண்ட்டின் பின்புறத்தில் மட்டும்தான் அடிப்பார்கள். அப்போது முத்திரையின் எழுத்து வடிவம், மரத்தின் ரேகை, கீயின் பூச்சு ஆகியவற்றைப் பாருங்கள். மேலே வெள்ளிப்பூச்சு மங்கிக் கருத்திருக்க, கீழே நிக்கல் மஞ்சளடித்துப் பளபளத்தால் அது இரண்டு வீட்டுப் பிள்ளை. ஜாயிண்ட்டுகளுக்கு நடுவே உள்ள பிரிட்ஜ் கீ இரண்டும் நேர்கோட்டில் சந்திக்க வேண்டும், வளைத்துச் சேர்த்த அடையாளம் இருக்கக்கூடாது.

விரிசல் எங்கே இருக்கும்?

மேல் ஜாயிண்ட்டில், முக்கியமாக ட்ரில் கீ (ஸ்வரத்தை வேகமாக அசைக்க உதவும் கீ) துளைகளைச் சுற்றியும் மேல் முனையிலும். கருவியைக் கையில் எடுத்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மரத்தின் இயற்கை ரேகை வளைந்து, விட்டுவிட்டுப் போகும். விரிசல் ஒரு துளையிலிருந்து புறப்பட்டு அடுத்ததை நோக்கி நேராக நடக்கும், உள்ளே தூசி வெள்ளையாகக் கோடு கட்டியிருக்கும். கருப்பு மெழுகும் பாலிஷும் நிரப்பி மறைத்திருந்தால் நகத்தை மெல்லக் குறுக்கே ஓட்டுங்கள், அந்த இடத்தில் நகம் வழுக்கும். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த கருவியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முத்திரையின் நடு எழுத்து மட்டும் மயிரிழை விலகி நின்றது. விரிசல் அதன் வழியாகத்தான் போயிருந்தது.

ஊசிவைத்து இறுக்கி, ஒட்டி, ஒழுங்காக ரிப்பேர் செய்த விரிசல் என்றால் பயம் வேண்டாம். அப்படிப்பட்ட கருவிகள் இருபது வருஷம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விலையில் மட்டும் கறாராக இருங்கள். டெல்லியிலிருந்து வரும் கருவியில் இன்னும் கவனம் தேவை. அங்கே குளிரும் வறட்சியும் மாறி மாறி அடிப்பதால் மரம் சுருங்கி, பேரல், பெல் வளையங்கள் கழன்று ஆடும்.

கடையில் ஊதிப் பார்க்க முடியாவிட்டால்?

மேல் ஜாயிண்ட்டை மட்டும் கழற்றி, துளைகளை விரலால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுத்ததும் 'பொக்' என்று சத்தம் வந்தால் பேட்கள் பிடிக்கின்றன. கீழ் ஜாயிண்ட்டையும் இப்படியே. காற்று நிற்கவில்லை என்றாலும் பேட் போடுவதோடு தீரலாம், பயப்பட வேண்டாம். கீகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் தேய்மானம், அதைச் சரிசெய்வது பேட்டைவிடச் செலவு.

எபோனைட் (கெட்டி ரப்பர்) கருவி என்றால் மட்டமா?

இல்லை. வெப்ப நாட்டுப் பட்டாள பேண்டுகளுக்கு மரம் வெடிக்கும் என்று எபோனைட்டில் நல்ல கருவிகள் செய்தார்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும், அதுதான் எபோனைட். வெயிலில் வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவவே கழுவாதீர்கள்.

போலி முத்திரை உண்டா?

உண்டு. உள்ளூர் மரத்தில் செய்து பிரெஞ்சுப் பெயர் அடித்தவை என் மேசைக்கு வந்திருக்கின்றன. நம் நாட்டில் பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டில் நேர்மையாகத் தன் பெயரில் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. போலியில் கீகள் அடித்து வடித்ததாக இல்லாமல் வார்த்துக் கொட்டியதாக இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும், திருகுகளின் தலை ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் கொண்டுவரலாமா? மரத்துக்குத் தடை என்கிறார்களே.

கிரெனடில்லா சேர்ந்த டால்பெர்ஜியா மர இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பழைய பயம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். சுங்க வரிக் கணக்கை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், சரக்கு அறையின் குளிரில் போடவேண்டாம்.

நியாயமான விலை என்ன?

நல்ல நிலையில் உள்ள அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதிலிருந்து முழு பேட், கார்க் வேலைக்கான கூலியைக் கழியுங்கள். சொந்த மவுத்பீஸ் இல்லையென்றால் இன்னும் கழியுங்கள். 1010 என்றால் நிறையவே கழியுங்கள், அதற்கான மவுத்பீஸைத் தேடிப்பிடிப்பது தனி வேலை. விற்பவர் ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொன்னால் யார் செய்தது என்று கேளுங்கள்.

வாங்கியாகிவிட்டது. முதல் வாரம் என்ன செய்வது?

வருஷக்கணக்கில் ஊதாமல் கிடந்த மரத்தை முதல் நாளே மூன்று மணி நேரம் ஊதினால் வெடிக்கும். தினம் கால் மணி நேரம், பிறகு துணியால் உள்ளே துடையுங்கள். இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். ஏசி காற்றுக்கு நேரே வைக்காதீர்கள்.

அப்பா எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பட்டாள பேண்டில் இருந்தார். அவர் கிளாரினெட் பெட்டியோடு இருக்கிறது, விற்கலாமா?

இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒன்றாவது வரும். பட்டாளத்தில் 'தம்பி' என்று அழைக்கப்பட்ட நம் ஆட்கள் ஓய்வு பெற்று அல்சூர், மர்ஃபி டவுன் பக்கமே வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வாசித்த கருவிகள் அந்த வீடுகளில்தான் இருக்கின்றன.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், குஜ்ரிக்காரரிடம் (பழைய சாமான்காரர்) எடைக்குப் போடாதீர்கள். பெட்டியைத் திறந்து அப்படியே நாலு போட்டோ எடுங்கள்: முத்திரை, வரிசை எண், மேல் ஜாயிண்ட்டின் முன்பக்கம், மவுத்பீஸ். பெட்டியின் மூலையில் உள்ள சின்ன அறையைத் திறந்து பாருங்கள். அங்கே மவுத்பீஸில் கட்டும் நாணல் தகடான ரீட் வைக்கும் பழைய டப்பா, கார்க் கிரீஸ், சில சமயம் இரண்டாவது பேரல் ஒன்று துணியில் சுற்றியிருக்கும். அந்த இரண்டாவது பேரலைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அது அவர் தன் கருவிக்கு என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, கருவி போகும் இடத்துக்கே அதுவும் போகவேண்டும்.